பூக்கார அம்மாளுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் பாடம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம் என்றால் பூ. மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி என்று வயல் வயலாகப் பூத்துக் கிடக்கும். பொழுது விடியுமுன்பே பறிக்கத் தொடங்கி விடுவார்கள். பறித்த பூ கூடையில் வரும். அப்போது அது உதிரிப் பூ. யாரும் தலையில் வைத்துக் கொள்ள முடியாது.

அதை எடுத்து, வாழை நாரில் ஒவ்வொன்றாக வைத்து, முடிச்சுப் போட்டு, ஒரு பெண் கட்டுகிறாள். இப்போது அதற்குப் பெயர் சரம். முழம் போட்டு விற்கலாம்.

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பட்டியலாக இருப்பதை, ஒரே தொடராகச் சேர்த்து எழுதுவது எப்படி என்பது அந்தப் பாடம். அப்படிச் சேர்த்த எழுத்துத் தொடருக்குத் தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்தில் என்ன பெயர் தெரியுமா?

சரம்!

பெயர் வைத்தவர் யாரோ, நல்ல பெயராக வைத்தார். ஆனால் அந்தச் சொல்லைப் படிக்கும் பிள்ளைக்கு, "இது உன் அம்மா திண்ணையில் உட்கார்ந்து கட்டுகிறாளே, அதே சரம்தான்" என்று யாராவது சொல்லிக் கொடுக்கிறார்களா? சொன்னால் பாதிப் பயம் அன்றைக்கே போய்விடும்.

பைதான் என்ற பாஷை

கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடப் பல பாஷைகள் உண்டு. அவற்றில் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சுலபமானது என்று பெயர் எடுத்தது பைதான். ஹாலந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் என்பவர் உருவாக்கியது. 1991-ம் ஆண்டு வெளியிட்டார். பைதான் என்றால் மலைப் பாம்பு என்று அர்த்தம். ஆனால் அவர் பாம்பை நினைத்துப் பெயர் வைக்கவில்லை. இங்கிலாந்து டெலிவிஷனில் நடந்த ஒரு கோமாளி நாடகத் தொடரின் பெயரைச் சூட்டினார்.

தமிழ்நாட்டில் 12-ம் வகுப்புக் கம்ப்யூட்டர் அறிவியலுக்கு 2019-ல் வந்த புத்தகத்தில் பைதான் பாடமாகச் சேர்ந்தது. தமிழ் வழியில் படிக்கும் கிராமத்துப் பிள்ளையும் அதைப் படிக்கவேண்டும் என்று ஆயிற்று.

அதே 1991-ல் புதுக்கோட்டையில் என்ன நடந்தது என்பது இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அறிவொளி இயக்கம்! ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். ஊர் ஊராக, இரவு நேரத்தில், விளக்கு வெளிச்சத்தில் பெண்கள் எழுத்துக் கற்றார்கள். ஆயிரக்கணக்கில் சைக்கிள் விடவும் கற்றார்கள். குவாரியில் கல் உடைத்தவர்களும், வயலில் நாற்று நட்டவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

அவர்களுக்கு அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. முதலில் பழகிய சொல் ஒன்றைக் காட்டினார்கள். பிறகு அதை எழுத்து எழுத்தாகப் பிரித்தார்கள். பிரித்த எழுத்துக்களை வேறு மாதிரி சேர்த்து வேறு சொல் ஆக்கினார்கள். பிரிப்பதும் சேர்ப்பதும்தான் பாடம். கம்ப்யூட்டர் பிள்ளைகள் இப்போது படிப்பதும் அதையேதான்.

நார் முதலில்

பைதானில் பூக்களை இப்படி எழுதலாம்:

பூக்கள் = ["மல்லிகை", "முல்லை", "கனகாம்பரம்"]

சதுரமான அடைப்புக்குறிதான் கூடை. உள்ளே மூன்று பூ. 2008-ல் வந்த பைதான் 3 முதல், இப்படித் தமிழிலேயே பெயர் வைக்க யந்திரம் அனுமதிக்கிறது. இது பல ஆசிரியர்களுக்கே தெரியாத விஷயம்.

அடுத்து நார் வேண்டும். ஒரு காற்புள்ளியும் ஒரு இடைவெளியும் நார் என்று வைத்துக் கொள்ளலாம்.

நார் = ", "

இனிக் கட்டவேண்டியதுதான்.

சரம் = நார்.ஜாயின்(பூக்கள்)

‘ஜாயின்’ என்பதை மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கவேண்டும். ‘சேர்’ என்று அர்த்தம். இப்போது சரத்தை அச்சிடச் சொன்னால், ‘மல்லிகை, முல்லை, கனகாம்பரம்’ என்று வரும். மூன்று பூ. நடுவில் இரண்டு காற்புள்ளி. கடைசிப் பூவுக்குப் பின்னால் காற்புள்ளி இல்லை. நார் இரண்டு பூவுக்கு நடுவில்தானே இருக்கும்!

இதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பூவை முதலில் எழுதி, "பூக்களே, நாரால் சேருங்கள்" என்று உத்தரவு போடுவார்கள். யந்திரம் முடியாது என்று சொல்லிவிடும். பைதானில் சேர்க்கும் வேலை நாருக்கு உரியது. பூவுக்கு உரியது அல்ல. வேறு சில பாஷைகளில் பூ முதலில் வரும். பைதானில் நார்தான் முதலில்.

இது தலைகீழாக இருக்கிறதே என்று இங்கிலீஷில் யோசிப்பவர்கள் குறைப்படுவது உண்டு. தமிழில் யோசிப்பவர்களுக்கு இதில் குறை என்ன? ‘நாரால் பூவைக் கட்டு’ என்றுதானே நம் வீட்டில் சொல்கிறோம்? நார் முதலில் வந்துவிட்டதே!

காரணமும் இருக்கிறது. பூ எந்தப் பாத்திரத்தில் இருந்தால் என்ன? கூடையில் இருக்கலாம், தட்டில் இருக்கலாம், முந்தானையில் இருக்கலாம். நார் ஒன்றுதான். கட்டும் வித்தையை நாரிடம் வைத்துவிட்டால், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுக்கவேண்டியது இல்லை.

கூடையோடு கொடுத்தால்?

பட்டியலை நேராக எழுத்தாக்கும் குறுக்கு வழியும் உண்டு. ‘ஸ்டர்’ என்று ஒரு உத்தரவு. அதைப் போட்டால் சதுர அடைப்புக்குறி, மேற்கோள் குறி எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். பூ கேட்டவளுக்குக் கூடையைத் தூக்கித் தலையில் கவிழ்த்த மாதிரி! பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோர் செல்போனுக்கு நாளைக்கு வராத ஆசிரியர்களின் பெயர் அப்படி அடைப்புக்குறியோடு வந்தால், பாட்டி அதைப் படித்துப் பார்த்து என்ன நினைப்பாள்? யந்திரத்துக்குப் புரிந்தால் போதும் என்று நினைத்தவன் செய்த வேலை அது.

எண்ணைச் சேர்க்கும்போது இன்னொரு தடங்கல். பட்டியலில் 10, 20, 30 என்று எண்கள் இருந்தால் ஜாயின் கட்டாது. "எழுத்தை எதிர்பார்த்தேன், எண் வந்திருக்கிறது" என்று சொல்லி நின்றுவிடும். காம்பு இல்லாத பூவை எப்படிக் கட்டுவது? ஒவ்வொரு எண்ணையும் முதலில் ஸ்டர் போட்டு எழுத்தாக்க வேண்டும். அதுதான் காம்பு. அப்புறம் கட்டலாம். ஸ்டர் பயன்படவேண்டிய இடம் இது.

எண் வேறு, எண்ணைப் போல இருக்கும் எழுத்து வேறு. புதுக்கோட்டையின் டெலிபோன் குறி 04322. இதை எண் ஆக்கிவிட்டால் முன்னால் உள்ள சைபர் போய்விடும், 4322 ஆகிவிடும். கணக்குக்கு இரண்டும் ஒன்று. டெலிபோனுக்கு இரண்டும் ஒன்றா? வெளியூரில் இருந்து கூப்பிட்டால் மணி அடிக்காது. டெலிபோன் நம்பரைக் கூட்டுவாரும் இல்லை, கழிப்பாரும் இல்லை. அது எழுத்தாகவே இருக்கட்டும்.

முத்துவும் லட்சுமியும்

நார் எது என்பது சின்ன விஷயம் என்று தோன்றும். அதுதான் இல்லை!

ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் என்று வைத்துக் கொள்ளலாம். மூத்தவள் பெயர் முத்து. இளையவள் பெயர் லட்சுமி. பட்டியலில் இரண்டு பெயர். நார் இல்லாமல் சேர்த்தால் என்ன வரும்? முத்துலட்சுமி! இரண்டு பெண்கள் ஒரே பெண்ணாகி விட்டார்கள். புத்தகம் கொடுக்கும்போது ஒரு புத்தகம். சீருடை கொடுக்கும்போது ஒரு சீருடை. இளையவள் கையை விரித்துக் கொண்டு நிற்கவேண்டியதுதான்.

சரி, இடைவெளியை நாராக வைக்கலாம் என்றால், அதிலும் ஆபத்து இருக்கிறது. ‘முத்து லட்சுமி’ என்று இடம் விட்டுப் பெயர் எழுதும் ஒரே பெண்ணை, பின்னால் இடைவெளி பார்த்துப் பிரிக்கும் யந்திரம் இரண்டு பெண்கள் ஆக்கிவிடும்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துப் பார்க்கலாம். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் பையன்களுக்கு நடுவே படித்து, டாக்டர் ஆகி, சென்னைச் சட்டசபையிலும் உட்கார்ந்தவர். அந்தப் பெயரை ஒரு யந்திரம் இரண்டாக வெட்டினால், அந்த டாக்டர் எந்தப் பட்டியலில் இருப்பார்?

பெயருக்குள் வராத குறி எதுவோ, அதுதான் நல்ல நார். காற்புள்ளி பெரும்பாலும் போதும். விலாசத்துக்குள் காற்புள்ளி வரும். அதற்கு அரைப் புள்ளியோ வரி முறிவோ வேண்டும். இதை யந்திரம் சொல்லிக் கொடுக்காது. கட்டுகிறவர்தான் யோசிக்கவேண்டும்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. இங்கிலீஷில் பெயர்களை வரிசையாகச் சொன்னால், கடைசிப் பெயருக்கு முன்னால் ஒரு ‘அண்டு’ நுழைக்கவேண்டும். அதற்குத் தனி உத்தரவு எழுதவேண்டும். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. காற்புள்ளி போட்டுச் சேர்த்துவிட்டு, கடைசியில் ‘ஆகியோர்’ என்று ஒட்டிவிட்டால் தீர்ந்தது! ஆனால் ‘முத்துவும் லட்சுமியும்’ என்று உம் போட்டு எழுத ஆசைப்பட்டால் வேலை கூடும். ஒரு இடத்தில் வகரம் வருகிறது, இன்னொரு இடத்தில் யகரம் வருகிறது. வெறும் நாரால் அது ஆகாது. இலக்கணம் தெரிந்த யந்திரம் வேண்டும்.

குடுமியான்மலைப் பாறை

பட்டியலைக் கூறு கட்டிச் சேர்த்து எழுதும் புத்தி இந்த மாவட்டத்துக்குப் புதிது அல்ல. புதுக்கோட்டையில் இருந்து இருபது கிலோ மீட்டர் அளவில் குடுமியான்மலை இருக்கிறது. அங்கே குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்தில், பாறைச் சரிவில், பெரிய இசைக் கல்வெட்டு ஒன்று உண்டு. சுமார் 1,300 ஆண்டு பழையது. மகேந்திர பல்லவன் வெட்டியது என்று சிலர் சொல்வார்கள். இல்லை என்று சிலர் சொல்வார்கள். கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக ஸ்வரங்களை வெட்டியிருக்கிறார்கள்.

எப்படி வெட்டினார்கள் என்பதுதான் இங்கே விஷயம். ஸ்வரங்களை ஒரே மூச்சில் கொட்டிவிடவில்லை. நான்கு நான்காகக் கூறு கட்டி எழுதினார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்புக் கொடுத்தார்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டி எழுதியிருந்தால், எங்கே நிறுத்துவது, எங்கே எடுப்பது என்று பாடுகிறவன் திண்டாடியிருப்பான். கடைசியில், மாணவர்களின் நன்மைக்காக ஒரு அரசன் செய்தது இது என்றும் குறித்து வைத்திருக்கிறார்கள். படிக்கிறவன் யார் என்பதை நினைத்துக் கொண்டு கட்டிய சரம்!

விகடகவி இல்லையாம்!

இனிப் பெரிய குறை. இதைப் பேசாமல் விட்டால் மற்றதெல்லாம் பேசி என்ன பயன்?

திருப்பிப் படித்தாலும் அதேபோல இருக்கும் சொல்லைக் கண்டுபிடி என்பது, கம்ப்யூட்டர் பாஷை படிக்கும் புதியவர்களுக்கு உலகம் முழுவதும் கொடுக்கும் பயிற்சி. சொல்லை எழுத்து எழுத்தாகப் பட்டியல் ஆக்கவேண்டும். பட்டியலைத் திருப்பவேண்டும். மறுபடி சரமாகச் சேர்க்கவேண்டும். பழைய சொல்லும் புதிய சொல்லும் ஒன்றா என்று கேட்கவேண்டும்.

தமிழ்ப் பிள்ளை எந்தச் சொல்லைப் போடும்? விகடகவி! தெனாலிராமன் கதை கேட்ட பிள்ளை வேறு எதைப் போடும்?

யந்திரம் என்ன சொல்கிறது தெரியுமா? ‘இல்லை’ என்கிறது!

வி, க, ட, க, வி. ஐந்து எழுத்து. பாலர் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணிவிடும். யந்திரம் ஏழு என்று எண்ணுகிறது. ‘வி’ என்பது அதற்கு ஒரு எழுத்து அல்ல. ‘வ’ ஒன்று, அதன் மேல் உள்ள வளைவு ஒன்று, ஆக இரண்டு. திருப்பும்போது வளைவு தனியே கழன்று முன்னால் வந்து நிற்கிறது. இன்னொரு வளைவு ‘க’ மேல் ஏறி ‘கி’ ஆகிவிடுகிறது. விகடகவி போய், வாயில் நுழையாத ஏதோ ஒன்று வருகிறது.

‘புதுக்கோட்டை’யில் எத்தனை எழுத்து என்று கேட்டால், பன்னிரண்டு என்கிறது. உண்மையில் ஆறு. ‘தமிழ்’ என்ற சொல்லிலேயே ஐந்து எழுத்து என்கிறது!

இது பைதான் ஒன்றின் குற்றம் அல்ல. உலகத்து எழுத்துக்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிய யூனிகோடு என்ற முறையில், தமிழுக்கு 1991-ல் இடம் கிடைத்தது. தமிழுக்கு எழுத்து 247. ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுக்கவில்லை. உயிர், அகரம் ஏறிய மெய், புள்ளி, கொம்பு, கால் என்று உறுப்புக்களுக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். மற்றதை ஒட்டிக் கொள் என்று விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசே 2010-ல் தனி முறை ஒன்றை அறிவித்தது. ஆனால் உலகம் யூனிகோடில் போய்விட்டது. அதைவிட்டு இனி விலகுவது கஷ்டம்.

யார் குற்றமாக இருந்தால் என்ன? அடிபடுவது பிள்ளை. அவள் எழுதிய உத்தரவு சரி. அவள் போட்ட சொல்லும் சரி. யந்திரம் ‘இல்லை’ என்றவுடன் அவள் என்ன நினைப்பாள்? "எனக்குத்தான் வரவில்லை" என்று நினைப்பாள். அல்லது, "இதெல்லாம் இங்கிலீஷுக்குத்தான் சரி" என்று நினைப்பாள். பட்டணத்துப் பிள்ளை இங்கிலீஷ் சொல்லைப் போட்டு, ‘ஆம்’ என்று விடை வாங்கிக் கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். இவள் மட்டும் தன் பாஷையைப் போட்ட பாவத்துக்கு நின்ற இடத்திலேயே நிற்கவேண்டுமா?

வழி இருக்கிறது

இதற்குப் பரிகாரம் யாரும் செய்யாமலும் இல்லை. அமெரிக்காவில் வாழும் தமிழர் முத்து அண்ணாமலை, ‘எழில்’ என்ற கம்ப்யூட்டர் பாஷையை 2007-ல் உருவாக்கத் தொடங்கினார். முழுவதும் தமிழ்ச் சொற்கள். அச்சிட ‘பதிப்பி’ என்று உத்தரவு. ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ என்று நம் வீட்டுச் சொற்கள். அது பைதான் மேலேயே கட்டிய பாஷை. அவரும் நண்பர்களும் சேர்ந்து ‘ஓப்பன் தமிழ்’ என்ற கருவிப் பெட்டியையும் செய்து, இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ‘கெட் லெட்டர்ஸ்’ என்ற உத்தரவுக்கு ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால், எழுத்தை எழுத்தாகவே பிரித்துப் பட்டியல் தரும். ‘வி’ அங்கே ஒரே எழுத்து.

"வேலைக்குப் போகிற இடத்தில் எல்லாம் இங்கிலீஷ்தானே? தமிழில் எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேலைக்கு இங்கிலீஷ் வேண்டும்தான். யார் இல்லை என்றது? ஆனால் ஜாயின் என்ற சொல்லை மனப்பாடம் செய்ய ஒரு நிமிஷம் போதும். எதை எதோடு எந்த நாரால் சேர்ப்பது என்பது அல்லவா பாடம்? அதைப் புரிந்து கொள்ளப் பிள்ளைக்குத் தெரிந்த பாஷை வேண்டும், தெரிந்த பொருள் வேண்டும். எழுதப் படிக்கத் தெரிவது போல புரோகிராம் எழுதுவதும் எல்லோருக்கும் தெரியவேண்டும் என்று கைடோ வான் ரோசம் 1999-ல் ஒரு திட்டம் எழுதினார். எல்லோருக்கும் என்றால் கீரமங்கலத்துப் பூக்கார அம்மாள் மகளுக்கும் சேர்த்துத்தானே?

12-ம் வகுப்பில் இந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஒரு காரியம் செய்யலாம். செலவு ஒரு முழம் நார். இரண்டு கை உதிரிப் பூ. முதல் நாள் யந்திரத்தைத் திறக்கவே வேண்டாம். பூவைக் கட்டச் சொல்லலாம். பையன்களையும் கட்டச் சொல்லவேண்டும். அவர்களுக்கு முடிச்சு வராது, வகுப்பு சிரிக்கும், பாடம் மறக்காது. பிறகு கரும்பலகையில் ‘விகடகவி’ என்று எழுதி, எழுத்துக்கு ஒரு தட்டாகக் கை தட்டச் சொல்லலாம்.

ஐந்து தட்டு.

மறுநாள் யந்திரம். முதலில் அதன் போக்கிலேயே விட்டு, ஏழு என்று அது தப்பாக எண்ணுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். தப்பு யார் பக்கம் என்று அவர்களுக்கே தெரியும். பிறகு ஓப்பன் தமிழ் கொண்டு பிரித்து, பட்டியலைத் திருப்பி, வெறும் மேற்கோள் குறியை நாராக வைத்து, அதாவது நாரே இல்லாத நாரால், ஜாயின் போடச் சொல்லவேண்டும்.

‘விகடகவி’ என்று வருகிறது. இரண்டும் ஒன்றா என்று கேட்டால், இந்தத் தடவை ‘ஆம்’ என்கிறது.